யவன நாட்டு ஐயவாதமும் ஆடையற்ற ஞானியரும்

கி.மு. 326ஆம் ஆண்டில் மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தரின் படை சிந்து ஆற்றைக் கடந்து தட்சசீலத்தை அடைந்தது. அப்படையுடன் போர்வீரர் மட்டும் வரவில்லை; வரலாறு எழுதுவோரும் தத்துவ அறிஞரும் உடன் வந்தனர். அவர்களுள் ஒருவர் எலிஸ் என்னும் யவன நகரத்தைச் சேர்ந்த பிர்ரோன். பின்னாளில் ஐயவாதம் எனப் பெயர்பெற்ற தத்துவ நெறிக்கு முதல்வராகக் கருதப்படுபவர் அவரே. இந்தியாவில் ஆடையற்ற ஞானியரைச் சந்தித்ததன் பயனாகவே அவர் அந்நெறியை மேற்கொண்டதாகத் தெரிகிறது என்று, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கொள்ளப்படும் தியோஜினஸ் லயேர்டியஸ் எழுதி வைத்துள்ளார்.

இக்குறிப்பு சமணரின் செவிக்கு இனிமை தருவது. பிர்ரோன் திகம்பர முனிவர்களின் மாணவர் என்றும், யவனரின் ஐயவாதம் அநேகாந்தம் என்னும் பெருமரத்தின் ஒரு கிளை என்றும் உடனே கூறிவிட மனம் விழைவது இயல்பே. ஆயின், அவ்வாறு உறுதியாகக் கூறுவதற்குச் சான்றுகள் இடம் தருகின்றனவா? யவன ஐயவாதம் உண்மையில் கூறியது யாது? ஐயமின்மையை நற்காட்சியின் முதல் உறுப்பாகக் கொள்ளும் சமணம், ஐயத்தையே நெறியாகக் கொண்டோரை எவ்வாறு மதிப்பிடுதல் தகும்? இம்மூன்று வினாக்களும் ஆராயத்தக்கவை.

தட்சசீலத்தில் நிகழ்ந்தது

தட்சசீலத்துத் துறவியரைக் கண்டுவர அலெக்சாந்தர் அனுப்பியவர் ஒனெசிக்ரிடஸ் என்பவர். அவர் கூறியவற்றை ஸ்டிராபோ தம் நிலவியல் நூலின் பதினைந்தாம் பகுதியில் பதிவு செய்துள்ளார். நகரிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் பதினைந்து பேர் ஆடையின்றி இருந்தனர். ஒருவர் நின்றும், ஒருவர் அமர்ந்தும், ஒருவர் படுத்தும், அவரவர் கொண்ட நிலையில் மாலை வரை அசையாதிருந்தனர். நண்பகலில் எவரும் வெறுங்காலால் தரையை மிதிக்க இயலாத அளவுக்கு வெயில் கடுமையாக இருந்தது.

அவர்களுள் கலானஸ் என்று யவனர் அழைத்த துறவி, தம் சொற்களைக் கேட்க விரும்பினால் ஆடையைக் களைந்துவிட்டு இக்கற்களின்மீது படுத்துக் கேள் என்று ஒனெசிக்ரிடஸிடம் கூறினார். அவரினும் முதியவரான மண்டானிஸ் அவ்வாறு பேசியதைக் கண்டித்து, வந்தவரிடம் இன்முகத்துடன் உரையாடினார். உரையாடல் மூன்று மொழிபெயர்ப்பாளர் வழியாக நடைபெற்றது. அம்மூவரும் சொற்களை அறிவாரேயன்றிப் பொருளை அறியார்; அவர் வழியாகத் தத்துவத்தை விளக்குதல், சேற்றின் ஊடே தெளிந்த நீர் ஓடிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பதை ஒக்கும் என்று மண்டானிஸ் கூறியதாக ஸ்டிராபோ குறிப்பிடுகிறார். அறிவின் எல்லையைப் பற்றி அங்கே கூறப்பட்ட சொற்களுள் இதனினும் சிறந்தது வேறில்லை எனலாம்.

பிர்ரோனின் குருவாகிய அப்தெரா நகரத்து அனக்சார்கஸும் படையுடன் வந்திருந்தார். அவர் அரசனின் அவையில் செல்வாக்குடன் விளங்கியவர். அரச சபையில் பணிந்து நிற்கும் ஒருவர் பிறர்க்கு நன்மையைக் கற்பிக்க வல்லாரல்லர் என்று இந்தியர் ஒருவர் அனக்சார்கஸை இடித்துரைத்தார். அதனைக் கேட்ட பிர்ரோன் பின்னர் உலகியலிலிருந்து ஒதுங்கித் தனிமையை நாடினார் என்பது தியோஜினஸ் தரும் செய்தி. பிர்ரோனின் வாழ்வை இந்தியாவுடன் இணைக்கும் குறிப்புகளுள் மிகத் தெளிவானது இதுவே. அவர் பெற்றது நூலறிவன்று. ஒரு துறவியின் வாழ்வு தந்த பாடம்.

எலிஸ் நகரத்துப் பிர்ரோன்

பிர்ரோன் ஏறத்தாழ கி.மு. 360 முதல் 270 வரை வாழ்ந்தவர். இளமையில் ஓவியராக இருந்தார். நாடு திரும்பியபின் மருத்துவச்சியாகிய தம் தமக்கை பிலிஸ்டாவுடன் எளிய வாழ்வு நடத்தினார். கோழிகளையும் பன்றிகளையும் சந்தைக்குக் கொண்டுசென்று விற்பதற்கும், வீட்டைத் துப்புரவு செய்வதற்கும் அவர் நாணியதில்லை. எலிஸ் நகரத்தார் அவரைத் தலைமைப் பூசகராக்கியதோடு, அவர் பொருட்டுத் தத்துவ அறிஞர் அனைவர்க்கும் வரிவிலக்கும் அளித்தனர்.

தத்துவ நூல் எதனையும் அவர் எழுதிவைக்கவில்லை. அவர் கருத்துகளை உலகுக்கு உரைத்தவர் அவருடைய மாணவர் டைமன். இன்பமாக வாழ விரும்புவோர் மூன்று வினாக்களை எண்ண வேண்டும் என்பது டைமன் வழியாக வந்த செய்தி. பொருள்கள் இயல்பில் எத்தன்மையன? அவற்றின்பால் மனிதன் எந்நிலையில் நிற்க வேண்டும்? அவ்வாறு நிற்பதனால் விளையும் பயன் யாது? பொருள்களை வேறுபடுத்தவோ அளக்கவோ முடிவு செய்யவோ இயலாது. ஆதலால் உளது எனவோ இலது எனவோ ஒருபக்கம் சாயாது நிற்க வேண்டும். அவ்வாறு நிற்போர்க்கு முதலில் சொல்லடக்கமும் பின்னர் மனக்கலக்கமின்மையும் வாய்க்கும் என்பன அவற்றுக்கு விடைகள். யவனர் 'அதராக்சியா' என்று அழைத்தது இக்கலக்கமின்மையையே.

அவரைப் பற்றிய கதைகள் பல. புயலில் சிக்கிய கப்பலில் பயணிகள் அஞ்சி நடுங்கியபோது, ஒரு மூலையில் அமைதியாகத் தின்றுகொண்டிருந்த பன்றிக்குட்டியைக் காட்டி, ஞானியும் இத்தகைய அமைதியுடன் இருத்தல் வேண்டும் என்றார். அனக்சார்கஸ் சேற்றில் விழுந்து கிடந்தபோது பிர்ரோன் உதவாமல் கடந்து சென்றார். பிறர் பழித்தபோதும் அனக்சார்கஸ் அப்பற்றின்மையைப் புகழ்ந்தார். மற்றொரு நாள் நாய் ஒன்று பாய்ந்து வந்தபோது பிர்ரோன் அஞ்சி விலகினார். அதனைச் சுட்டிக்காட்டியவரிடம், மனித இயல்பை முற்றிலும் களைதல் அரிது என்று ஒப்புக்கொண்டார். உயிரிரக்கத்தை அறத்தின் வேராகக் கொண்டோர்க்குச் சேற்றில் கிடந்தவரைக் கடந்து சென்ற செயல் உடன்பாடாகாது. நாயைக் கண்டு அஞ்சியதை மறைக்காத நேர்மை போற்றத்தக்கது.

அந்த ஞானியர் சமணரா?

ஆடையின்மை, அசையாத நிற்றல், வெயிலைப் பொறுத்தல் ஆகியவை திகம்பர முனிவரின் ஒழுக்கத்தை நினைவூட்டுகின்றன. ஆயின் பண்டை இந்தியாவில் ஆடை துறந்தோர் சமணர் மட்டுமல்லர். ஆசீவகரும் அவ்வாறே வாழ்ந்தனர். தட்சசீலத்துத் துறவியர் எண்ணெய் பூசப்பெற்றனர் என்று யவனக் குறிப்புகள் கூறுகின்றன. நீராடாமையையும் மூலகுணமாகக் கொண்ட சமண முனிவர்க்கு அது பொருந்தாது. கலானஸ் அலெக்சாந்தருடன் பாரசீகம் வரை சென்று, நோயுற்றபோது தம் 73ஆம் வயதில் மூட்டிய தீயில் புகுந்து உயிர் துறந்தார். சல்லேகனை உணவைப் படிப்படியாகக் குறைத்து அமைதியுடன் உடலை விடுவது. தீப்பாய்தலோ சமந்தபத்திர ஆச்சாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் உலக மூடங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஆகவே கலானஸைச் சமணர் எனக் கூறுதல் அரிது.

மேலும், ஐயத்திற்கு யவன மண்ணிலேயே வேர்கள் இருந்தன. பிர்ரோனுக்கு இருநூறு ஆண்டுகள் முன்னர் வாழ்ந்த செனோபனிஸ், தெய்வங்களைப் பற்றித் தெளிந்த உண்மையை அறிந்தவர் எவருமில்லை என்றார். அனக்சார்கஸ் டெமோக்ரிடஸின் வழிவந்தவர். சுவையும் நிறமும் மனித வழக்கினால் அமைந்தவை என்று டெமோக்ரிடஸ் முன்னரே உரைத்திருந்தார். தாம் அறியாததை அறிந்ததாக எண்ணாமையே தம் அறிவு என்றவர் சாக்ரடீஸ். இவர்கள் விதைத்த நிலத்தில்தான் பிர்ரோன் வளர்ந்தார். இந்தியத் துறவியர் அவருக்கு வழங்கியது அமைதி நிறைந்த வாழ்வின் நேர்முகக் காட்சியாக இருக்கலாம். அத்துறவியருள் சமண முனிவரும் இருந்திருக்கலாம். சான்றுகள் 'இருக்கலாம்' என்ற சொல்லையே தாங்கும். 'இருந்தனர்' என்ற சொல்லைத் தாங்கா.

மூடிய கையும் மெழுகு மாதுளையும்

பிர்ரோனுக்குப் பின் ஐயவாதம் வளர்ந்த இடம் வியப்புக்குரியது. ஏதென்ஸில் பிளேட்டோ நிறுவிய அகாதெமியே அது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதன் தலைவரான ஆர்க்கெசிலாவுஸ், சாக்ரடீஸின் வினவும் முறைக்கே திரும்புவதாகக் கூறி, ஸ்தோயிக் பள்ளியினரின் உறுதிக் கொள்கையை எதிர்த்து நின்றார்.

ஸ்தோயிக் பள்ளியை நிறுவிய ஜீனோ அறிவின் படிநிலைகளைக் கையினால் விளக்குவார். விரித்த உள்ளங்கை புலன்வழித் தோற்றம். சற்றே மடித்த விரல்கள் அதற்கு மனம் தரும் இசைவு. இறுக மூடிய கை பொருளைப் பற்றிக்கொண்ட நிலை. அம்மூடிய கையை மற்றொரு கை இறுகப் பிடிப்பது ஞானம். ஐயத்திற்கு இடமில்லாத தோற்றங்கள் உண்டு, அவற்றின்மீதே ஞானம் எழுகிறது என்பது அவர் கொள்கை. ஆர்க்கெசிலாவுஸும் அவர் வழியினரும் எழுப்பிய வினா எளியது: மெய்யான தோற்றத்தைப் போலவே அமைந்த பொய்த்தோற்றம் இருக்க முடியாதா? இரட்டையருள் ஒருவரை மற்றவராகக் காண்பதில்லையா? இரு முட்டைகளை வேறுபடுத்துவது எவ்வாறு?

எகிப்தை ஆண்ட தாலமி மன்னனின் அவையில் இவ்வினா நகைச்சுவையாக வெளிப்பட்டது. ஸ்தோயிக் அறிஞர் ஸ்பேரஸின் முன் மன்னன் மெழுகினால் செய்த மாதுளங்கனிகளை வைக்கச் செய்தான். அவர் ஏமாந்ததும், பொய்த்தோற்றத்திற்கு இசைந்துவிட்டீரே என்று மன்னன் ஆர்ப்பரித்தான். அவை மாதுளைகள் என்பதற்குத் தாம் இசையவில்லை, அவை மாதுளைகளாக இருத்தல் கூடும் என்பதற்கே இசைந்ததாக ஸ்பேரஸ் விடையளித்தார். உறுதியைப் போற்றியவரே நெருக்கடியில் 'கூடும்' என்ற சொல்லின் நிழலில் ஒதுங்க நேர்ந்தது.

ரோமில் இரு சொற்பொழிவுகள்

அகாதெமியின் ஐயவாதம் கார்னியாடிஸ் காலத்தில் உச்சத்தை அடைந்தது. கி.மு. 155இல் ஏதென்ஸ் நகரம் தன்மீது விதிக்கப்பட்ட பெருந்தண்டத்தைக் குறைக்குமாறு வேண்டி, மூன்று தத்துவ அறிஞரை ரோமுக்குத் தூதனுப்பியது. அவருள் ஒருவரான கார்னியாடிஸ் ஒருநாள் நீதியைப் போற்றிப் பேசினார். மறுநாள் அதே நீதிக்கு எதிராகப் பேசினார். இளைஞர் மயங்கினர். முதியவராகிய கேட்டோ, இத்தூதரின் காரியத்தை விரைந்து முடித்துத் திருப்பி அனுப்புமாறு செனட் சபையை வலியுறுத்தினார். இருபக்கமும் பேசும் நா இளைஞரைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. பழகிய கருத்தொன்றைக் காரணம் கேட்காமல் ஏற்றிருப்பதன் இடரைக் கார்னியாடிஸ் காட்டியதும் பொய்யன்று.

எதனையும் உறுதியாக ஏற்காதவன் எவ்வாறு செயற்படுவான் என்ற கேள்விக்கும் அவர் விடை தந்தார். அதற்கு எடுத்துக்காட்டப்படுவது இந்தியத் தத்துவ நூல்களைப் பயின்றோர்க்குப் பழகிய ஒன்று: இருண்ட அறையில் கிடக்கும் கயிறு. முதலில் பாம்பெனத் தோன்ற ஒருவன் தாவி ஓடுகிறான். திரும்பி நோக்கினால் அது அசையவில்லை. கயிறாக இருக்கலாம் என எண்ணுகிறான். குளிர்காலத்தில் பாம்பும் அசையாது கிடப்பதுண்டு என்பது நினைவுக்கு வருகிறது. கோலினால் தொட்டுப் பார்க்கிறான். அப்போதும் அசையாததைக் கண்டு கயிறென்று கொண்டு நடக்கிறான். நம்பத்தக்கது, வேறு தோற்றங்களால் மறுக்கப்படாதது, நன்கு சோதிக்கப்பட்டது என மூன்று படிகள் இதனால் பெறப்படும். காலம் குறைவாயின் முதற்படியே போதும். செயல் பெரிதாயின் மூன்றாம் படி வேண்டும். வாழ்வுக்கு இத்தகைய நம்பத்தக்க அறிவு போதும் என்பது கார்னியாடிஸின் முடிவு. அகாதெமியின் இம்மரபைப் பின்பற்றிய ரோமானிய நாவலர் சிசரோ, கி.மு. 45இல் அதனை விளக்கி நூல் எழுதினார்.

மருத்துவரின் ஐயம்

கி.மு. முதல் நூற்றாண்டில் ஐனெசிடெமஸ் என்பவர் பிர்ரோனின் பெயரால் ஐயவாதத்தைப் புதுப்பித்தார். அம்மரபின் நூல்களை இன்றுவரை காத்துத் தந்தவர் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த அவர் மருத்துவர்.

தேடலில் மூவகை மனிதர் உண்டு என்று அவர் பகுக்கிறார்: உண்மையைக் கண்டுவிட்டோம் என்போர், உண்மையைக் காணவே இயலாது என்போர், இன்னும் தேடிக்கொண்டிருப்போர். மூன்றாமவரே ஐயவாதி. யவன மொழியில் அச்சொல்லின் பொருளும் 'ஆராய்பவர்' என்பதே. ஒரு கருத்துக்கு ஒத்த வலிமையுடைய எதிர்க்கருத்தை அவர் நிறுத்துவார். தொலைவில் வட்டமாகத் தோன்றும் கோபுரம் அருகில் சதுரமாகத் தெரிகிறது. நீரில் வளைந்து தோன்றும் துடுப்பு வெளியே நேராக உள்ளது. இரு பக்கமும் சமமாக நிற்கும்போது தீர்ப்பு தானே நின்றுவிடுகிறது. அதன்பின் மன அமைதி வருகிறது. இதற்கு அவர் ஓர் ஓவியரின் கதையைச் சொல்வார். குதிரையின் வாய்நுரையை வரைய முயன்று தோற்ற அபெல்லிஸ், வெறுத்துப்போய்த் தூரிகை துடைக்கும் பஞ்சை ஓவியத்தின்மீது எறிந்தார். அது பட்ட இடத்தில் நுரை தானே அமைந்தது.

ஐயவாதியின் அன்றாட வாழ்வுக்கு அவர் நான்கு வழிகாட்டிகளைக் கூறினார்: இயற்கை தந்த உணர்வும் அறிவும், பசி தாகம் முதலிய உடலின் தேவைகள், நாட்டின் சட்டமும் வழக்கமும், கற்ற தொழில். தேன் இனிக்கிறது என்பதை ஐயவாதி மறுப்பதில்லை; தேன் தன்னியல்பிலேயே இனியதா என்றுதான் ஆராய்கிறார். ஐயவாதத்தின் வாதங்கள் நோயை வெளியேற்றும்போது தாமும் உடன் வெளியேறும் பேதிமருந்து போன்றவை என்றும் அவர் எழுதினார். மனிதர்பால் கொண்ட அன்பினால், அவசர முடிவு, தற்பெருமை என்னும் நோய்களைச் சொல்லால் ஆற்ற விரும்புபவரே ஐயவாதி என்பது அவர் நூலின் முடிவுரை.

சம்சயமும் சாத்வாதமும்

சமண நூல்கள் பிறர் கொள்கைகளை 363 என எண்ணி, அவற்றுள் 67ஐ அஞ்ஞானவாதம் என்று வகுத்தன. ஐந்து வகை மித்தியாத்துவத்துள் சம்சயமும் ஒன்று. தொலைவில் தெரிவது கட்டையோ மனிதனோ என்று இரு முனைகளுக்கிடையே மனம் ஊசலாடுவதே சம்சயம். சாத்வாதமும் அத்தகைய ஐயமே என்று பிற சமயத்தார் குறை கூறினர். அகளங்க ஆச்சாரியர் தம் இராசவார்த்திகத்தில் இதனை மறுத்தார். சிறப்புத் தன்மைகளை அறியாதபோதே சம்சயம் எழும்; அநேகாந்தத்திலோ அச்சிறப்புத் தன்மைகள் அறியப்படுகின்றன; ஆதலின் அது சம்சயமாகாது என்பது அவர் கருத்து.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். தேன் நலமுற்றவர்க்கு இனிக்கிறது. காமாலை கண்டவர்க்குக் கைக்கிறது. செக்ஸ்டஸ் தேனின் இயல்பைப் பற்றி எதுவும் கூறாது நின்றுவிடுவார். சாத்வாதி, இந்நோக்கில் இனிது, அந்நோக்கில் கைப்பது என இரண்டையும் உரிய எல்லையுடன் கூறுவார். யவனர் சொல்லடக்கம் மெய்யைப் பொய்யினின்று பிரிக்கும் அளவுகோல் கிட்டாமையால் வந்தது. சமணரின் சொல்லடக்கம் பொருள் பல தன்மைகளை உடையது என்ற உறுதியால் வந்தது. முழுமையான அறிவு கேவலஞானியர்க்கு உண்டு. மற்றையோர் அறிவு நயம் என்னும் ஒருபக்க நோக்கே என்பது சமணத்தின் நிலை. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் இரண்டுக்கும் இழுக்கு.

எனினும் இரு மரபினரும் கண்டறிந்த நோய் ஒன்றே. தான் கண்ட பக்கத்தையே முழுமை எனக் கொள்ளும் அவசரத்தைச் சமணம் ஏகாந்த மித்தியாத்துவம் என்றது. செக்ஸ்டஸ் தற்பெருமை என்றார். அந்நோய் அயலவரிடம் மட்டும் காணப்படுவதன்று. தம் முன்னோரின் புகழைப் பேசும்போதும் தோன்றக்கூடியது.

செக்ஸ்டஸின் நூல் 1562இல் இலத்தீனில் அச்சேறியது. பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் அதிலிருந்து எடுத்த தொடர்களைத் தம் நூலகத்து உத்தரங்களில் பொறித்துவைத்தார். 1641இல் தெகார்த்தே ஐயத்தையே தம் ஆய்வின் தொடக்கமாக்கினார். எலிஸ் நகரத்தில் பன்றி விற்ற ஓர் எளிய மனிதரின் வினா இவ்வாறு புதிய ஐரோப்பியச் சிந்தனையின் வாயிலில் சென்று நின்றது. அவ்வினாவின் தொடக்கத்தில் தட்சசீலத்து வெயிலில் நின்ற ஆடையற்ற துறவியர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பது யவனர் தாமே எழுதிவைத்த செய்தி. அவர் எச்சமயத்தார் என்ற செய்தி மூன்று மொழிபெயர்ப்பாளரின் வாயினூடே கலங்கிப் போய்விட்டது. கலங்கிய நீரைத் தெளிந்தது என்று பிள்ளைகளுக்குக் கூறாதிருத்தல் வாய்மை விரதத்தின்பாற்பட்டது. அதனைக் காப்பதனால் சமணத்தின் பெருமை எள்ளளவும் குறையாது.